அங்கம்மாள் வீட்டில் அவித்த முட்டை இல்லை

சூடம் வாங்கப் போன இடத்தில் இப்படி ஒரு பேச்சு வந்து காதில் விழும் என்று அங்கம்மாள் கனவிலும் நினைக்கவில்லை. ஊர் முக்கில் செங்கோட்டையன் மளிகைக் கடை. ஆள் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். சூடப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்கக்கா, உங்க பண்ணையில கோழியெல்லாம் முட்டை வெக்கறத நிறுத்திப்போடுச்சுங்களா?" என்று கேட்டான்.

அங்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில்தானே வண்டி நிறைய ஏற்றி அனுப்பினோம் என்றாள். அப்படியானால் உங்க மருமகப்பொண்ணு எதற்கு இங்கே வந்து முட்டை வாங்கிக்கொண்டு போகிறது என்று அவன் கேட்டான். அத்தோடு விட்டானா? அந்த முட்டையும் உங்க பண்ணை முட்டைதான், உங்க மகன்தான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான் என்று சேர்த்துச் சொன்னான். அரிசி வாங்க நின்ற இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பற்றிச் சொல்வார்கள். கொல்லனின் மருமகளே கடையில் ஊசி வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? அங்கம்மாள் சில்லறையை வாங்க மறந்து கிளம்பினாள். ஒற்றைக் காசையும் முந்தானையில் முடிகிறவள் சில்லறையை மறந்தாள் என்றால் அவள் மனசு இருந்த இருப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் போனால் நாலு பேர் முகத்தில் முழிக்க வேண்டும். வாய்க்கால் மேட்டோடு சுற்றிக்கொண்டு பண்ணைக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. முதல் கோழிக் கொட்டாய்க்குள் போனாள், வெளியே வந்தாள், அடுத்த கொட்டாய்க்குள் போனாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அவளுக்கு எங்கேயும் நிற்க முடியவில்லை.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேந்தமங்கலம் ரோட்டில், கொல்லிமலை கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில், வரிசையாக நிற்கிற கோழிக் கொட்டாய்கள் அவளுடையதும் அவள் வீட்டுக்காரர் சுப்பையனுடையதும். சுப்பையன் முன்னே முட்டை லாரி ஓட்டிக்கொண்டு பாலக்காடு, திருச்சூர் என்று போய்வந்தவர். கொஞ்சம் குஞ்சு இறக்கி ஆரம்பித்த பண்ணை. இன்றைக்கு மகன் பிரபாகர் கையில் நன்றாகத்தான் ஓடுகிறது. மாடி வீடு, கார், எல்லாம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அந்த வீட்டில் அவித்த முட்டை கிடையாது.

சிரிக்காதீர்கள், நிஜம். அங்கம்மாள் போட்ட சட்டம் அது. நல்ல முட்டை வியாபாரத்துக்கு, ஒடசல் வீட்டுக்கு. கம்பியில் உருண்டு வரும்போது மோதிக் கீறல் விழுந்தது, அட்டையில் அடுக்கும்போது நசுங்கினது, ஓடு மெலிந்து விரல் பட்டாலே விட்டுப்போனது, இதெல்லாம்தான் அவள் அடுப்புக்கு வரும். பொரியல், கலக்கி, ஆம்லெட், குழம்பில் உடைத்து ஊற்றுவது என்று விதவிதமாகச் செய்வாள், ருசியாகவும் செய்வாள். ஆனால் கீறல் விழுந்த முட்டையை அவிக்க முடியாதே. தண்ணீர் கொதித்ததும் வெள்ளைக்கரு கீறல் வழியே பிதுங்கி நுரைத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் அவிப்பது என்கிற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. விசேஷ வீடுகளில் பிரியாணிக்கு நடுவே முழு முட்டை வைத்தால், அதை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், ஆகாது என்பாள்.

முட்டை மட்டுமா? தீவனச் சாக்கைத் துவைத்துத் தைத்துத்தான் வீட்டில் பாதி ஜன்னலுக்குத் திரை. பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுப்பாள். அரிசி கழுவின தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவின தண்ணீரில் வாழை. பிரபாகர் கல்யாணத்துக்கு அடித்து மிஞ்சின பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் இன்னமும் பால் கணக்கு எழுதுகிறாள். எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். அது அநியாயம். பண்ணையில் வேலை செய்கிற பெண்களுக்குப் பிரசவம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். கையில் ஒடசல் முட்டைதான் கொண்டுபோவாள், ஆனால் போவாள்.

இன்னொன்று, அவள் உட்காரமாட்டாள். சோறு தின்பதுகூட நின்றபடிதான். சோபாவில் உட்கார்ந்தாலும் நுனியில், எழுந்திருக்கப் போகிறவள் மாதிரியே உட்காருவாள். சுப்பையன் கேலி செய்வார், "சொந்த ஊட்லயே பஸ்ஸுக்கு நிக்கறவ இவ ஒருத்திதான்." அதைக் கேட்டுக்கொண்டே வேறு வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கெங்கவல்லியிலிருந்து யாழினி மருமகளாக வந்தாள். படித்த பெண், கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே வேலை. வந்த நாள் முதல் மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவள் கிடையாது. சாக்குத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒடசல் பொரியலையும் ருசித்துத்தான் தின்றாள். வயிற்றில் பிள்ளை தங்கின பிறகுதான் வில்லங்கம். எண்ணெய் காய்கிற வாசனை வந்தால் போதும், குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. நாமக்கல்லில் பார்த்த டாக்டரம்மா, ரத்தம் கம்மியாக இருக்கிறது, தினம் அவித்த முட்டை சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார்.

அங்கம்மாளும் கூடப் போயிருந்தாள், காதால் கேட்டாள். வந்ததும் வராததுமாகக் கீறல் முட்டை இரண்டைக் கலக்கி, எண்ணெயைக் காட்டியும் காட்டாமலும் சுட்டுக் கொடுத்தாள். யாழினி ஒரு வாய் வைத்தாள், ஓடினாள். மறுநாள் ராகிக் கூழில் உடைத்து ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை யாழினி மெதுவாகக் கேட்டாள், அட்டையிலிருந்து ஒரு நல்ல முட்டையை எடுத்து நானே வேகப் போட்டுக்கொள்ளட்டுமா அத்தை என்று. ஒடசல் இருக்கையில் நல்லது எதற்கு சாமி என்று அங்கம்மாள் வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை, மூச்சு மாதிரி தானாக வந்தது. யாழினி அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காதது நல்லதுக்கு என்று அங்கம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

இப்போது செங்கோட்டையன் சொல்லித் தெரிகிறது. கடையில் வாங்கி, அறைக்குள்ளே டீ போடுகிற கரண்டுக் கெட்டிலில் அவித்துத் தின்றிருக்க வேண்டும் மருமகள். குப்பைக் குழியைக் கிளறிப் பார்த்தாள் அங்கம்மாள். செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து முட்டை ஓடு. திருடிவிட்டு மறைத்து வைத்த மாதிரி மடித்திருந்தது. பொட்டலத்தை அதே மடிப்பில் மடித்துக் குழியில் திரும்பப் போட்டாள். தனக்கு வந்தது கோபம்தான் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். வேறு என்ன என்று நின்று பார்க்க அவளுக்கு ஏது நிதானம்?

மத்தியானச் சோற்றுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள், அங்கம்மாள் வழக்கம்போல நின்றாள். பேசாமல் இருந்திருக்கலாம். அல்லது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சுப்பையனும் பிரபாகரும் இருக்கும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கடை முட்டைக்கு ருசி கூடங்களா?" என்று மருமகளைக் கேட்டாள். கோபம் வந்தால்தான் அங்கம்மாள் சின்னவர்களுக்கு ‘ங்க’ போடுவாள். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

யாழினி தலையை நிமிர்த்தினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ருசி ஒண்ணுதான் அத்தை. அங்க கேட்டா குடுக்குறாங்க."

சோற்றில் கையைக் கழுவவில்லை, அது ஒன்றுதான் குறை. எழுந்து உள்ளே போனாள், பையை எடுத்து வைத்தாள். பொழுது சாய்வதற்குள் பிரபாகர் காரில் ஏற்றிக் கெங்கவல்லிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். வளைகாப்புப் போட்டு, ஊரைக் கூட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பெண். அதற்கு முன்னாலேயே முகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஊர் பேசினது கிடக்கட்டும். மகன் பேசினதுதான் அவளை அறுத்தது. திரும்பி வந்தவன் காரை விட்டு இறங்கி, வாசலில் நின்றபடியே சொன்னான். நாமக்கல்லில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறானாம். பிள்ளை பிறந்ததும் யாழினி நேராக அங்கேதான் வருவாளாம். பண்ணைக்கு அவன் தினம் வந்து போவானாம். கத்தவில்லை, சத்தம் போடவில்லை.

"நான் படிக்கையில எல்லாப் பசங்களும் டப்பாவுல அவிச்ச முட்டை கொண்டாருவாங்கம்மா. கோழிப்பண்ணைக்காரன் மவன் டப்பாவுலதான் இல்ல. நான் ஒரு நாளும் உன்னயக் கேட்டதில்ல. என்ற புள்ளைக்கும் அதே கதி வேண்டாம்."

வளர்கிற காலத்தில் ஒரு நாள் இதைக் கேட்டிருந்தால் பரவாயில்லை. இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்து இன்றைக்கு எடுத்து வைக்கிறான். அங்கம்மாள் அடுப்படிக்குப் போய், ஏற்கனவே கழுவின பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள், அதுவும் அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு.

அடுத்த நாலைந்து நாள் அவள் இருந்த இருப்பு இருப்பா? விடிந்தால் கொட்டாய், கொட்டாயை விட்டால் தீவன அறை, அங்கிருந்து வாசல், வாசலில் யாரும் இல்லையென்றால் மறுபடி கொட்டாய். யாழினிக்குப் போன் போட எடுப்பாள், வைப்பாள். ஒரு தரம் போட்டே விட்டாள், மணி அடிக்கும்போதே பயந்து கட் பண்ணிவிட்டாள். சுப்பையன் பார்த்துப் பார்த்து, ஒரு முட்டையை எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்திருக்குமே புள்ள என்றார். உங்களுக்குத் தெரியாதுங்க என்றாள். சொன்னால்தானே தெரியும் என்று அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கேட்க அவள் அங்கே இல்லை, அதற்குள் கொட்டாய்ப் பக்கம் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில்தான் அவள் ஒரு காரியம் செய்து பார்த்தாள். வேலை செய்கிற பெண்கள் முட்டை பொறுக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். கம்பியில் உருண்டு வந்து நின்ற ஒரு முட்டையை எடுத்தாள். வெதுவெதுப்பு ஆறாத, கீறல் இல்லாத, முழு முட்டை. இதைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். கொட்டாய் வாசல் வரைக்கும் போனாள். அதற்கு மேல் கால் வரவில்லை. அவளுடைய சொந்தக் கொட்டாய், சொந்தக் கோழி, கேட்க ஒரு நாதி கிடையாது. இருந்தும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

அப்படிப் பார்க்கச் சொன்னது எது என்று கேளுங்கள். அங்கம்மாளின் அப்பன் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மா சின்னாயி பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வந்தாள். அப்போதுதான் இந்தப் பக்கம் பண்ணைகள் முளைக்க ஆரம்பித்த காலம். கூண்டெல்லாம் கிடையாது. கடலைத் தொலியைப் பரப்பி, அதன் மேலே கோழி மேயும், பெட்டிக்குள் போய் முட்டை வைக்கும். தீவன அறைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அம்மாவையும் மகளையும் இருக்கச் சொன்னார்கள். ஒடசல் முட்டை விழுந்தால் வேலைக்காரருக்கு. விழாத நாளில் கூழும் மிளகாயும்.

அங்கம்மாளுக்கு எட்டு வயது இருக்கும், விஷக்காய்ச்சல் வந்து படுத்தாள். பிழைத்து எழுந்தபோது முடி கொட்டி, நடக்கத் தெம்பில்லாமல் கிடந்தாள். சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில், பிள்ளைக்கு அவித்த முட்டை கொடு என்றார்கள். சின்னாயி போய்ப் பண்ணைக்காரம்மாவிடம் ஒரு முட்டை கேட்டாள். ஒடசல் விழுந்தால் எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. கேட்டதற்குத் தப்பில்லாத பதில்தான். ஆனால் விதி பாருங்கள், ஒடசலே விழாத வாரமாக அது போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் சின்னாயி ஒரு நல்ல முட்டையைக் கையில் எடுத்தாள், பெட்டியின் விளிம்பில் லேசாகத் தட்டினாள். ஓங்கித் தட்டவில்லை. மயிரிழைக் கீறல் விழட்டும், ஒடசல் ஆகட்டும் என்று ஒரு தட்டு.

சாக்கில் படுத்திருந்த அங்கம்மாள் அதைப் பார்த்தாள். வாசலில் நின்ற பண்ணைக்காரம்மாவும் பார்த்தாள். திட்டவில்லை, கை நீட்டவில்லை. வந்து முட்டையைச் சின்னாயி கையிலிருந்து வாங்கி, கட்டிப் போட்டிருந்த நாய்க்கு முன்னால் போட்டாள். இருட்டுவதற்குள் இடத்தைக் காலி பண்ணிவிடு என்றாள். சின்னாயி சட்டியும் துணியும் மூட்டை கட்டுகிற நேரம் பூராவும் அங்கம்மாள் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தரையை நக்கி, ஓட்டை நக்கி, கடைசியில் ஓட்டையும் கடித்துத் தின்றது. நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பனமரத்துப்பட்டியில் இருந்த அண்ணன் வீட்டுக்குச் சின்னாயி நடந்தே போனாள். வழியெல்லாம் அழவில்லை. ஒரு முட்டையைத் தட்டினதுக்கு ஊடு போச்சே சாமி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள்.

எட்டு வயதில் காதில் விழுந்த வார்த்தை. அதற்குப் பிறகு சோறு கிடைத்தது, கல்யாணம் நடந்தது, பண்ணை வந்தது. கையில் இருந்த பயம் மட்டும் போகவில்லை. முழு முட்டையைத் தட்டினால் வீடு போய்விடும் என்று அவள் கைக்குத் தெரியும். சுப்பையனுக்குக்கூட இதை அவள் சொன்னதில்லை. எங்கம்மா பண்ணையில் வேலை பார்த்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

கொட்டாய் வாசலில் முட்டையும் கையுமாக நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குத் தட்டினதால் வீடு போச்சு. இன்றைக்குத் தட்டாமல் இருந்து வீடு போகப் போகிறது.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் கை மறுபடி பின்வாங்கும் என்று பயம். பால் வாங்குகிற தூக்குப்போசியில் தவிட்டைப் போட்டு, கைக்கு வந்த நல்ல முட்டைகளை அதற்குள் புதைத்து, மேலே துணி கட்டினாள். சுப்பையனிடம் கெங்கவல்லிக்குப் போய் வாரேன் என்று ஒரு வார்த்தை. பிரபாகர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்பான், அதற்கு இடம் கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டாள். ராசிபுரத்தில் மாறி, ஆத்தூரில் மாறிப் போகிற பஸ். இடம் கிடைத்தும் சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்தாள். போசியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே என்ன என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். முட்டை என்றதும் கண்டக்டர் சிரித்தான், ஆத்தூரில் முட்டை கிடைக்காதென்று நாமக்கல்லிலிருந்து தூக்கிக்கொண்டு போகிறீர்களா அம்மா என்று. கிடைக்கும்தான், கேட்டால் கொடுக்கிறார்கள் என்றாள் அங்கம்மாள். அவனுக்குப் புரிந்திருக்காது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழி நெடுக மரவள்ளிக் காடுதான் ஓடியது.

கெங்கவல்லி வீட்டில் யாழினியின் அம்மா அன்புச்செல்வி, வாங்க சம்பந்தி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். மரியாதை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. நாற்காலி போட்டாள், மோர் கொண்டுவந்தாள், பிள்ளை படுத்திருக்கிறாள் என்றாள். மகளை வாட விட்டார்களே என்கிற ஆத்திரம் அவளுக்கு இருக்காதா? அங்கம்மாள் மோரைக் கையில் வாங்கவில்லை. அதற்குள் யாழினியே எழுந்து வந்து அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை என்றாள், வாங்க என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது நாலு விதமாகப் பேசிப் பழகிக்கொண்டு வந்திருந்தாள் அங்கம்மாள். எல்லாம் மறந்துபோச்சு. அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தாள். ஒரு குண்டானை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. அங்கம்மாள் தவிட்டிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இத எப்பப் போடறது சாமி? கொதிச்ச பொறவா, முன்னாலயேவா? எவ்வளவு நேரம் வேவோணும்?"

விளையாடுகிறாள் என்றுதான் அன்புச்செல்வி நினைத்தாள். லாரி லாரியாக முட்டை ஏற்றுகிற வீட்டுக்காரி, முட்டை அவிக்கத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? யாழினி மட்டும் மாமியார் முகத்தையே பார்த்தாள். அங்கம்மாள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாமல் இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டாள். மேலிருந்து போட்டாள், அடியில் போய் இடித்தது. ஒன்று பட்டென்று விரிசல் விட்டு, வெள்ளைக்கரு நூல் நூலாக வெளியே வந்தது.

அங்கம்மாள் ஒரு எட்டு பின்னால் போனாள். கையை உதறினாள். நான் வேணுமென்று செய்யவில்லை என்று யாருக்கோ சொல்லத் தொடங்கினாள், சொல்லி முடிக்கவில்லை. அன்புச்செல்விக்கு அவள் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது. ஆறுதலாகத்தான் சொன்னாள், வேறு ஒன்றும் மனசில் இல்லாமல்.

"உடு சம்பந்தி, ஒண்ணு போனா என்னா இப்ப? ஆறினதும் நாய்க்குப் போட்டுடலாம்."

"நாய்க்குப் போடாதீங்க."

அந்தக் குரலில் அன்புச்செல்வி திடுக்கிட்டுப் போனாள். அங்கம்மாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நுனியில் இல்லை, காலை நீட்டி முழுசாக உட்கார்ந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சாய்ப்பையும் காய்ச்சலையும் சொன்னாள், பெட்டி விளிம்பில் விழுந்த அந்த ஒரு தட்டைச் சொன்னாள், நாய் நக்கினதைச் சொன்னாள். அழுதுகொண்டுதான் சொன்னாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. மருமகளுக்கு முன்னால் அழுகிறோமே என்கிற வெட்கம்கூட வரவில்லை. குண்டானில் தண்ணீர் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருந்தது, யாரும் அடுப்பை அணைக்கவில்லை. வீணாகிற கேஸைப் பற்றி அங்கம்மாளும் நினைக்கவில்லை.

"உனக்குக் குடுக்கக்கூடாதுன்னு இல்ல கண்ணு," என்றாள் கடைசியில். "என்ற கை வரல."

யாழினி அடுப்பை அணைத்தாள். முட்டை இரண்டையும் பச்சைத் தண்ணீரில் போட்டு எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மாமியாருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். முழு முட்டையை உரித்தாள், உப்பு மிளகுத்தூள் தொட்டு நீட்டினாள். அங்கம்மாள் தலையை ஆட்டினாள். எனக்கு ஆகாது, நீ சாப்பிடு, உனக்கென்றுதானே கொண்டுவந்தேன் என்றாள். யாழினி விடவில்லை.

"ஒடசல் இன்னைக்கு எனக்கு. முழுசு உங்களுக்கு. நீங்க சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன் அத்தை."

அங்கம்மாள் வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாகக் கடித்தாள். மென்றாள். மஞ்சள் கரு நாக்கில் மாவாக ஒட்டியது, விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது. இன்னொரு கடி கடித்தாள், அதற்குள் வேறு ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தவள் மாதிரி. பிறகு கையிலிருந்த மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா எங்கம்மாளத் தொரத்துனாங்க?"

யாழினிக்கும் அழுகை வந்துவிட்டது. தலையை மாமியார் தோளில் சாய்த்துக்கொண்டு, உடைந்த முட்டையை ஓட்டிலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். அன்று அவளுக்கு வாந்தி வரவில்லை. வெள்ளிக்கிழமை பிரபாகரை வந்து கூட்டிப்போகச் சொல்லு, நம்ம வீட்டிலேயே வளைகாப்பு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னாள். நம்ம வீடு என்று அவள் சொன்னது எந்த வீடு என்று அன்புச்செல்வி கேட்கத் தேவைப்படவில்லை.

பொழுதோடு பஸ் ஏறும்போது அங்கம்மாளின் தூக்குப்போசியில் முட்டை இல்லை, தவிடு இருந்தது. தவிட்டுக்கு மேலே, அடுப்படியில் பொறுக்கின இரண்டு முட்டை ஓடும் இருந்தது. இடித்துப் போட்டால் கோழிக்கு ஆகும் என்று எடுத்து வந்திருந்தாள். பஸ்ஸில் கூட்டம் இல்லை. சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், ஆத்தூர் வந்து கண்டக்டர் எழுப்புகிற வரைக்கும் தூங்கிவிட்டாள்.